உங்களை வாசகராக்கிய புத்தகம் எது? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சில அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து

யாராவது ஒரு நாவலைப் பற்றி ஆசையாகப் பேசினால் நான் முதலில் கேட்பது, "அதுல கடல் இருக்கா?" கடல் வராத நல்ல நாவல்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் கடல் தெரிந்தவர் எழுதிய புத்தகம் கையில் சிக்கினால் அடுப்பில் உலை வைத்ததுகூட நினைவிருக்காது.

ஆரம்பம் எல்லோரையும் போலத்தான். அம்புலிமாமா, இரும்புக்கை மாயாவி, அப்புறம் பள்ளி ஆண்டு விழாவில் பரிசாகக் கிடைத்த 'அக்னிச் சிறகுகள்'. அதில் ராக்கெட் பக்கங்களைவிட எனக்கு மனப்பாடமானது வேறு இடம். யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து வீசும் செய்தித்தாள் கட்டுகளைச் சிறுவன் கலாம் எடுத்துக் கொடுப்பாரே, அந்தப் பக்கம். அந்த ரயில் எங்கள் ஊரைத் தாண்டித்தானே போயிருக்கும்!

என்னைப் புரட்டிப் போட்டது கிளை நூலகத்தில் எடுத்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-ல் வந்த சின்ன நாவல். உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, நடுப்பக்கங்கள் கழன்று, யாரோ புண்ணியவான் தையல் நூலால் கோத்து வைத்திருந்த பிரதி. தேதி முத்திரை குத்தும் தாளில் இடமே இல்லை. விசைப்படகு ஓட்டும் லாஞ்சுக்காரர்களுக்கும் நாட்டுப்படகில் போகும் வல்லக்காரர்களுக்கும் நடக்கும் சண்டை அதில் வரும். எங்கள் கரைச் சண்டையை யார் இவருக்குச் சொன்னது என்று இருந்தது எனக்கு. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்ததே அந்த மாதிரிச் சண்டைகளுக்குப் பிறகுதான். திண்ணையில் பேசுகிற பேச்செல்லாம் கதையாகும், அச்சில் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது தாத்தா. பாய் கட்டிய வல்லத்தில் போனவர், எழுத்துக் கூட்டத் தெரியாது. கண் மங்கிய பிறகு சாயங்காலம் அவருக்கு எதையாவது வாசித்துக் காட்டுவது என் வேலை. ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' தமிழில் கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழவனுக்கு எண்பத்து நாலு நாளாக மீன் படவில்லை என்று தொடங்கும். நான் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "தூண்டில்காரனுக்கு அப்படி வரும்த்தா. மேல படி" என்றார்.

தூண்டில் இறக்கும் இடத்தில்தான் வழக்கு ஆரம்பித்தது. நாற்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்று இருபத்தைந்து பாகம் என்று கிழவன் கயிறு விடுவான். ஒரு பாகம் ஆறடி. "நூத்தியிருபத்தஞ்சு பாகமா? நம்ம வடகடல்ல பத்துப் பாகம் விடுறதுக்குள்ள ஈயம் தரை தட்டிரும். தென்கடல்ல தீவெல்லாம் தாண்டி ரொம்பத் தூரம் போனாத்தான் அவ்வளவு தண்ணி." வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. அந்தப் பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார். எந்த மீனை இரையாக மாட்டினான், முள் எங்கே புகுந்தது, எல்லாம் கேட்டார். மீன் படகைவிட இரண்டடி நீளம் என்றதும், மயில்மீன் கணக்கா இருக்கும்போல என்று அவராகவே முடிவுகட்டினார். சுறா வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரத்த வாடைக்கு வந்துட்டான் பாரு." கடைசியில் தலையும் எலும்புமாகக் கரை சேர்ந்ததை நான் குரல் கம்ம வாசித்தால், அவர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, "மீன் போனாப் போகுது. ஆளு கரைக்கு வந்துட்டான்ல" என்றார்.

அந்த நாவலைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் படித்துவிட்டேன். கடலுக்குப் போய்த் திரும்பாத கூட்டாளிகளைக் கண்ட மனிதர் கேட்ட கேள்வி எதிலும் இல்லை. இன்றைக்கும் எந்தக் கடல் கதையை எடுத்தாலும் ஈயம் எங்கே தரை தட்டும் என்று பார்க்கிற புத்தி அவரிடமிருந்து வந்ததுதான்.

'செம்மீன்' மேல் மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தகழியின் எழுத்திலோ சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பிலோ குறை சொல்ல மாட்டேன். இன்றைக்குப் படித்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் அதில் பெண் கரையில் இருப்பாள், அவள் ஒழுக்கம்தான் கடலில் இருக்கும் புருஷனைக் காக்கும் என்று ஊரே நம்பும். எங்கள் பக்கம் பெண்களே கடலுக்குள் இறங்குகிறார்கள். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். விரலுக்கு விரல் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பறித்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு அந்தத் தொழிலே இழுபறி. இந்தப் பெண்களை நடுவில் வைத்து ஒரு பெரிய நாவல் வர வேண்டும். என் ஆசைப் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

இரண்டாவது, தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு வேண்டியது புயலுக்கு முந்தின ஊர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் கூட்டம், அவர்களை நம்பிப் பிழைத்த கடைக்காரர்கள், சுமைகூலிகள். அழிந்ததை மட்டும் எழுதினால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன மரியாதை? மூன்றாவது, வாங்கியே தீர வேண்டிய ஜோ டி குரூஸின் 'கொற்கை'. அவருடைய 'ஆழி சூழ் உலகு' படித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழக்கரையிலிருந்து

அக்கா, செம்மீன் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டில் வாசிப்பு என்றால் உம்மம்மாதான், உம்மாவின் அம்மா. அவருக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனால் அரபு எழுத்தில் அச்சான தமிழ்க் கிதாபைத் தங்குதடையில்லாமல் வாசிப்பார். மார்க்க அறிஞர் மாப்பிள்ளை ஆலிம் அவர்கள் எங்கள் ஊரில் இருந்து 19-ஆம் நூற்றாண்டில் எழுதியவற்றையெல்லாம் அரபுத் தமிழில் படித்த தலைமுறை அது. மடியில் கிதாபை விரித்து வைத்து அவர் ஓத, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கை எழுத்துப் போடத் தெரியாதவர் என்று அரசாங்கக் கணக்கில் இருந்திருப்பார். நான் பார்த்த முதல் வாசகி அவர்.

நானாகத் தேடிப் போனது நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணம். அதைப் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி வள்ளலின் ஊர்க்காரன் என்ற உரிமையில் எடுத்தேன். மூன்று காண்டம், 5027 பாடல், மலைப்பாகத்தான் இருந்தது. நாட்டுப் படலத்திலேயே அசந்துவிட்டேன். அரபு நாட்டைச் சொல்ல வந்த உமறுப் புலவர் ஆறு, வயல், உழவர் என்று நம் மருத நிலத்தையே கொண்டுபோய் அங்கே வைத்துவிடுகிறார். பாலைவனத்தில் ஏது நெல் வயல் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தனக்குத் தெரிந்த வளத்தையெல்லாம் நபிகள் பிறந்த மண்ணுக்கு ஒரு கவிஞன் அள்ளிக் கொடுக்கிறான். எனக்கு அது அன்பாகத்தான் தெரிகிறது.

என் பட்டியலில் இருப்பது இரண்டே இரண்டு. பதவுரை, பொழிப்புரையோடு சீறாப்புராணம் முழுவதும். அப்புறம் உம்மம்மா வைத்திருந்தது போல ஒரு பழைய அரபுத் தமிழ் கிதாபு. அது கிடைத்தால் எழுத்துக் கூட்டியாவது நானே வாசித்துவிடுவேன்.

தொண்டியிலிருந்து

மண்டபத்துத் தங்கைக்கு ஒன்று. தனுஷ்கோடி கேட்டீர்களே, அகநானூறு 70-ஆம் பாடலைப் பாருங்கள். பாண்டியரின் பழமையான கோடி என்னும் கடற்கரையில் ஆலமரத்தடியில் இராமன் ஆலோசனை நடத்தும்போது பறவைகளின் சத்தம் அடங்கியது என்றும், காதலர்களுக்குக் கல்யாணம் என்றானதும் அவர்களைப் பற்றிய ஊர் வம்பு அந்த ஆலமரம் போல அடங்கிவிட்டது என்றும் தோழி சொல்வாள். தனுஷ்கோடியைத்தான் அந்தக் கோடி என்று கொள்கிறார்கள். புயலுக்கு முந்தின ஊர் வேண்டுமென்றால் இதைவிட முந்திப் போக முடியாது.

என்னை வாசகனாக்கியது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-ல் வந்தது. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், அன்றைக்கு அதுவும் நம் ராமநாதபுரம் ஜில்லாதான். சின்ன வயதிலேயே சுமத்ரா தீவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். யுத்த கால மேடானும் பினாங்கும் அந்த நாவலில் தெருத் தெருவாக வருகின்றன. மலேயா போய்வந்த என் பெரியப்பா எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒரு காலம்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகத்தில் கிடைத்தது. மதுரை வீதிகளை நினைத்துக்கொண்டு அந்நிய ஊரில் உட்கார்ந்திருக்கும் கதாநாயகன் பாண்டியனைப் படித்துவிட்டுத்தான் பெரியப்பாவிடம் திரும்பப் போய்ப் பேச உட்கார்ந்தேன். ஜப்பான்காரன் வந்த கதையை அன்றைக்கு அவரே சொன்னார்.

என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று கீழக்கரைத் தம்பிக்கு. ராமநாதபுரம் வரும்போது பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிடுகிறேன். சீறா உரைப்பதிப்பு உங்கள் கைக்கு வந்தால் முதல் காண்டத்தை மட்டும் எனக்கு ஒரு மாதம் இரவல் தர வேண்டும், அட்டை போட்டுத் திருப்பித் தருவேன்.