சீனர் வீட்டில் கடைசி நாள்கள்: பராமரிக்கப் போகிறவர்களுக்கு

ராத்திரி ஷிப்ட் (சிங்கப்பூர்)

சீனக் குடும்பங்களில் அந்திமகாலப் பராமரிப்புக்குப் புதிதாகப் போகிற நம் தாதிகளும் பணிப்பெண்களும் கேட்பது ஒன்றுதான்: "கிழவருக்கு விழுங்கவே முடியவில்லை, பிள்ளைகள் ஊட்டு ஊட்டு என்று தலைமாட்டில் நிற்கிறார்கள், என்ன செய்ய?" அதனால் சோற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தெரிந்தவர்கள் கீழே சேருங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலைக்கு உதவுவது மட்டும் போதும்.

ஹொக்கியன் என்னும் சீன வட்டாரமொழி பேசும் பெரியவர்கள் ஆளைப் பார்த்ததும் கேட்பதே "சியா பா போய்?", அதாவது சாப்பிட்டாச்சா என்றுதான். அந்த வீட்டில் போய் ஊட்டுவதை நிறுத்துங்கள் என்றால், அப்பனைக் கைவிடு என்று சொன்னதாகத்தான் மகன் காதில் விழும். வெறும் வயிற்றோடு போனால் பசித்த பேயாக அலைய வேண்டியிருக்கும் என்ற பயமும் பழைய ஆட்களுக்கு உண்டு. போதாததற்கு, வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் "இன்னிக்கு என்ன சாப்பிட்டார்?" என்று மகனைத்தான் கேட்பார்கள்.

கஞ்சியில் வகை பார்க்கத் தெரிய வேண்டும். தியோச்சூ என்னும் இன்னொரு சீனப் பிரிவினர் வீடுகளில் வைக்கும் ‘முவே’யில் பருக்கை முழுசாக இருக்கும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் தொண்டைக்கு ஓடிவிடும், அங்கிருந்து மூச்சுக்குழாய்க்கு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு இதைவிட மோசமான உணவு கிடையாது. கான்டனீஸ் ‘ஜோக்’ அப்படியில்லை. 1 கப் அரிசிக்கு 10 கப் தண்ணீர் விட்டு, பருக்கை உடைந்து ஒரே பதமாகக் குழையும்வரை ஒன்றரை மணி நேரமாவது கொதிக்க வைப்பார்கள். தியோச்சூ தாத்தா முவேதான் வேண்டும் என்றால் அதையே மிக்ஸியில் அடித்து, பேச்சு சிகிச்சையாளர் சொன்ன அளவுக்குக் கெட்டிப்படுத்தும் மாவு கலந்து கொடுங்கள். பெயர் முவேயாகவே இருக்கட்டும். கஞ்சித் தண்ணீர் மட்டும்தானே, லேசாக இருக்கும் என்று நினைப்பார்கள். நீர்த்த திரவம்தான் முதலில் புரையேறும்.

ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள், மோவாய் கொஞ்சம் கீழே பார்க்கட்டும். அரை டீஸ்பூன்தான். தொண்டை மணி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. குரல் ‘களகள’ என்று ஈரமாகிறது, ஒவ்வொரு கரண்டிக்கும் இருமல் வருகிறது, கன்னத்துக்குள் சோறு தேங்குகிறது என்றால் அந்த வேளைக்கு நிறுத்துங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் வைக்காதீர்கள். பிள்ளைகள் நிற்கிறார்களே என்று வைக்கிற அந்த ஒரு கரண்டிதான் நிமோனியாவாகத் திரும்பி வரும்.

கடைசி வாரத்தில் அதுவும் முடியாமல் போகும். அப்போது "ஊட்டாதீங்க" என்று சொல்லாதீர்கள், மகன் கையில் வேறு வேலையைக் கொடுங்கள். அதே கிண்ணம், அதே நாற்காலி. தாத்தாவுக்குப் பிடித்த சூப்பையோ செவ்வந்திப் பூ டீயையோ கொஞ்சமாக எடுத்து, வாய் துடைக்கிற பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஈறு, நாக்கு, உள்கன்னம் என்று துடைக்கச் சொல்லுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. உதட்டுக்கு ஈரப்பசை தடவலாம். ஆக்சிஜன் ஓடுகிறதென்றால் வாசலின் மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு வேண்டாம், தண்ணீர் அடிப்படையிலானது போதும். "ஆ கோங்குக்கு (தாத்தாவுக்கு) பசி அடங்கிடுச்சு, வாய்தான் காயுது" என்று சொன்னால் அநேகமாக எல்லா மகனும் குச்சியைக் கையில் வாங்கிக்கொள்வான்.

மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டே ஆக வேண்டும் என்பவர்களும் உண்டு. போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் வயிற்றுநீரை இழுத்து, அமிலம் காட்டும் பி.எச். தாளில் 5.5-க்கு மேல் போகவில்லை என்று பார்க்காமல் பால் விடாதீர்கள். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், விட்டு முடித்தும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். கடைசி நாள்களில் உடம்பு அதை ஏற்காது: வயிறு உப்பும், சளி கூடும், கால் வீங்கும். இதைக் குழாய் போடும் முன்பே டாக்டர் வாயால் மகனுக்குச் சொல்ல வையுங்கள். தாதி சொன்னால் செலவை மிச்சப்படுத்தச் சொன்னதாகப் பேச்சு வரும்.

பினாங்கு காப்பிக்கடை

நல்ல தொடக்கம் அக்கா. யாரிடம் பேசுவது என்பதை நான் சேர்க்கிறேன். அதில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை மாண்டரினில் ‘சியாவ்’ என்பார்கள். அந்த எழுத்திலேயே மேலே முதியவர், கீழே மகன். இந்த வீடுகளில் முடிவை மூத்த மகன் சொல்வார், பணம் வேறொருவர் கொடுப்பார், பீ மூத்திரம் அள்ளுவது மருமகளும் பணிப்பெண்ணும். கடைசி வாரம் சிட்னியிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ மகள் வந்து இறங்குவார், வந்ததும் "ஏன் ஐசியுவுக்குக் கொண்டுபோகவில்லை?" என்பார். திட்டாதீர்கள். தூரத்தில் இருந்த குற்றவுணர்ச்சி அது. அவருக்கு ராத்திரி 2 மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கிற வேலையைக் கொடுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. இரண்டு ராத்திரி செய்தால் ஐசியு பேச்சு தானே குறையும்.

‘ஜியு பிங் சுவாங் சியென் வூ சியாவ் ட்ஸு’ என்று அவர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது: நெடுநாள் நோயாளியின் கட்டிலுக்கு முன்னால் பாசமுள்ள மகன் இருப்பதில்லை. மருமகள் முகம் சுளித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாயையும் குதிரையையும்கூடத்தான் தீனி போட்டு வளர்க்கிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்று கன்ஃபூசியஸ் கேட்டார். பிள்ளையின் முகபாவம்தான் கஷ்டம் என்றும் சொன்னார். இரண்டாவது எவ்வளவு உண்மை என்பது டயப்பர் மாற்றுகிறவர்களுக்குத் தெரியும்.

நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பது இன்னும் வழக்கம்தான். புற்றுநோய் என்று சொல்லாமல் "உள்ளே என்னமோ வளர்ந்திருக்கு" என்பார்கள். நீங்களாகப் போட்டு உடைக்காதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். தாத்தா கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோணுது ஆ கோங்?" என்று திருப்பிக் கேளுங்கள். பல நேரம் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்தான் மறைத்துக்கொண்டிருப்பார். குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியது: "அவராகக் கேட்டால் யாரைக் கூப்பிட?"

சிங்கப்பூர் சட்டத்தில் ஒன்று. நீடித்த அதிகாரப் பத்திரம் (தன்னால் முடியாதபோது தனக்காக முடிவெடுக்க நோயாளி எழுதிக் கொடுப்பது) கையில் இருந்தாலும், உயிர்காக்கும் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்பதை அந்த மகன் தீர்மானிக்க முடியாது. டாக்டர்தான் நோயாளியின் நலன் பார்த்து முடிவெடுப்பார். நோயாளி தெளிவாக இருக்கும்வரை அவர் சொல்லே சொல். இதை டாக்டர் சொல்லி, "முடிவு உங்கள் தலையில் இல்லை" என்று புரிந்தால் மூத்த மகன்கள் மூச்சு விடுவது வெளியே தெரியும். ‘அப்பாவைக் கொன்றவன்’ என்ற பேச்சுக்குத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள்.

மருந்துப்பெட்டி

வலி மருந்தான மார்ஃபின் பற்றிச் சுருக்கமாக. சீனப் பெரியவர்களுக்கு மார்ஃபின் என்றால் அபின், அபின் என்றால் குடும்பம் அழிந்த கதை. அதனால் எழுதிக் கொடுத்த மருந்து பிரிட்ஜ் மேலேயே இருக்கும், நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். கஷ்டத்தை விழுங்குவது அவர்களிடம் பெரிய குணம். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பார். புருவம் சுருங்குவதையும் புரட்டும்போது கை இறுகுவதையும் பாருங்கள். 80-ஐத் தாண்டிய பலருக்கு மாண்டரின் சரியாக வராது. ஹொக்கியனில் வலி ‘தியா’, கான்டனீஸில் ‘துங்’. பேரப்பிள்ளைகளுக்கு அந்த மொழிகள் தெரியாததால் இந்த இரண்டு சொல் தெரிந்த தமிழ்த் தாதிதான் சில வீடுகளில் மொழிபெயர்ப்பாளர்.

வாய்வழி மார்ஃபின் பெரும்பாலும் 2.5 அல்லது 5 மில்லிகிராமில் ஆரம்பித்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதுவார்கள். டாக்டர் எழுதிய அளவை மாற்றாதீர்கள், நேரத்தையும் தள்ளாதீர்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் குறையவே குறையாது, மலமிளக்கி கூடவே போக வேண்டும். மூன்று நாள் வயிறு போகாமல் நோயாளி முனக, "மார்ஃபின் கொடுத்ததால்தான் மோசமாயிட்டார்" என்று மருந்தையே நிறுத்திவிடுவார்கள். காரணம் விடுபட்ட மலமிளக்கி.

அலமாரியையும் பாருங்கள். ஜின்செங் துண்டை நாக்குக்கடியில் வைத்தால் உயிர் தங்கும் என்பது பழைய நம்பிக்கை. விழுங்க முடியாதவர் வாயில் அது தொண்டையில் சிக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், டாங் குவெய், டான் ஷென் என்ற சீன மூலிகைகள் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். தூக்கிப் போடச் சொல்லாமல், பொட்டலங்களைப் படம் எடுத்து மருந்தாளரிடம் காட்டச் சொல்லுங்கள். கோடாலித் தைலம் தடவுவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை, புண் இல்லாத தோலில் என்றால்.

மண்டாய் ரோடு

கடைசி மணி நேரத்துக்கு வருகிறேன்.

முதலில் கட்டில். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாடகை மருத்துவக் கட்டிலை ஹாலில் போடும்போது கால் வாசல்கதவைப் பார்க்கக் கூடாது, பிணத்தை எடுத்துப்போகும் திசை அது. ஸ்ட்ரெச்சர் வர வசதி என்று நீங்கள் அப்படித் திருப்பினால் முதல் நாளே சண்டை. சொந்த வீட்டு ஹாலில் சாவதுதான் பழைய முறைப்படி நல்ல சாவு, அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி மூச்சோடு வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் தைவானில் இன்றும் உண்டு. சிங்கப்பூரில் நெருக்கடியான வாடகை அறைகளில் இருந்த கூலிகளும் ஆயாக்களும் அறைக்குள் செத்தால் பீடை என்று சேகோ லேனில், சாகப் போகிறவர்கள் தங்கும் ‘சாவு வீடு’களுக்குப் போய்ப் படுத்தார்கள். 1961-ல் அவை தடைசெய்யப்பட்டன. இன்றும் சிலர் "வீட்டில் வேண்டாம், வீட்டின் மதிப்பு போய்விடும்" என்பார்கள். இரண்டு விருப்பமும் சீன மரபுதான், எது என்று முன்பே கேளுங்கள்.

மூச்சு நெருங்கும்போது பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்க வேண்டும். ‘சோங் ட்சுங்’, வழியனுப்புவது. தவறவிட்ட மகன் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஆகவே முட்டி, பாதம் நீலத்திட்டாகி, மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்ததும் போன் செய்யச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். தொண்டையில் கரகரப்பு வந்தால் அப்பா மூழ்குகிறார் என்று பதறி உறிஞ்சச் சொல்வார்கள். ஆழமாக உறிஞ்சினால் சளி இன்னும் சுரக்கும்; ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டர் எழுதிய ஊசியைப் போட்டால் போதும்.

உயிர் போனதும் சாமி மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடுவார்கள், கண்ணாடியை மூடுவார்கள். மறித்துக்கொண்டு நிற்காமல் விலகி நில்லுங்கள்.

பௌத்தர் வீடு என்றால் 8 மணி நேரம் உடலைத் தொடாமல் அமிதாப புத்தர் பெயரை ஓதுவார்கள். கண்ணீர் உடல்மேல் விழக் கூடாது. இங்கேதான் சிக்கல்: 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும், 8-ல் கை மடங்காது. இறுதி உடையோ ஒற்றைப்படை அடுக்குகளாக, சட்டைக்கு மேல் சட்டை. பட்டன் கிடையாது, நாடாதான். ‘துவான்ட்ஸு’ என்னும் சாட்டின் துணி கூடாது, சந்ததி அறுபடுவது என்பதும் அதே ஓசை. எனவே ஓதல் தொடங்கும் முன் பல்செட்டை மாட்டி, கண் மூடி, மோவாய்க்கடியில் சுருட்டிய துண்டு வைத்து, டயப்பர் மாற்றி, கைகாலை நேராக்கிவிட 10 நிமிடம் தர முடியுமா என்று நோயாளி உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாரிடம் ஒப்புதல் வாங்குங்கள். முடியாது என்றால் ஏசியைக் கூட்டி வையுங்கள். 8 மணி நேரம் கழித்துத் தோள், முழங்கையில் வெந்நீர்த் துண்டு வைத்து மெதுவாகத் தளர்த்தலாம். ஆஸ்பத்திரி வார்டில் 8 மணி நேரம் கிடைக்காது, அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டு மரணத்தில் அதிகம் கெடுவது காகிதம்தான். டாக்டர் வந்து இறப்பின் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். அவர் நோயாளியைப் பார்த்ததே இல்லை, ஆஸ்பத்திரிக் கடிதமும் இல்லை என்றால் எழுத மாட்டார். போலீஸ் வரும், உடல் சவக்கிடங்குக்குப் போகும், ஓதல் பாதியில் நிற்கும். சமீபத்திய மருத்துவ அறிக்கை, மருந்துப் பட்டியல், அடையாள அட்டை, இரவிலும் வரும் டாக்டரின் எண் நான்கையும் ஒரே உறையில் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். 2022 மே 29 முதல் டாக்டர் இணையத்தில் சான்றளித்ததுமே இறப்பு பதிவாகிவிடும்; ‘மை லெகசி’ தளத்தில் சான்றிதழை இறக்கிக்கொள்ள 30 நாள். பேஸ்மேக்கர் இருந்தால் ஈமச்சடங்கு நடத்துபவரிடம் உடனே சொல்லுங்கள், எரியூட்டும்போது வெடிக்கும்.

பினாங்கு காப்பிக்கடை

அண்ணே சொன்ன ‘சோங் ட்சுங்’கோடு ஒன்று. கடிகாரம் பரிசளிப்பதும் அதே உச்சரிப்புதான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கடிகாரம், வெள்ளை அல்லது மஞ்சள் செவ்வந்தி வேண்டாம், பேரிக்காயும் வேண்டாம். ஆரஞ்சு நல்லது. ஆப்பிளும் நல்லதுதான், ஷாங்காய்க்காரர் வீட்டைத் தவிர. அவர்கள் பேச்சில் அது நோயில் செத்தது போலக் காதில் விழும்.

துக்க வீட்டுக்கு வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை. பிள்ளைகள் சட்டைக் கையில் துணித்துண்டு குத்தியிருப்பார்கள், இறந்தவர் ஆண் என்றால் இடக்கை, பெண் என்றால் வலக்கை. யாருக்கு அனுதாபம் சொல்வது என்று தெரியாமல் விழிக்க வேண்டாம், கறுப்புத் துண்டு இருந்தால் மகன், மகள், மருமகள். கிளம்பும்போது மேசையில் இருக்கும் சிவப்பு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, உங்கள் புளோக் வாசலுக்கு வரும் முன் கழற்றிப் போட்டுவிடுங்கள்.