கடல்நீரில் உள்ள கிருமிகள் மிதவை உயிரிகளை அழித்துவிடாதா?

பாசிர் ரிஸ் தந்தை:
வணக்கம். பள்ளித் திட்டப்பணிக்காக என் மகள் பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து வந்திருக்கிறாள். அதில் மிதவை உயிரிகளைவிடக் கிருமிகளே, அதாவது வைரஸ்களே, அதிகம் என்று ஆசிரியர் கூறினாராம். கொவிட்-19க்குப் பிறகு கிருமி என்றாலே நோய் என்றுதான் நம் வீட்டில் பேசிக்கொள்கிறோம். இவை மிதவை உயிரிகளைக் கொன்றுகொண்டே இருந்தால் மீன்களுக்கு உணவு எப்படி மிஞ்சும்?

நுண்ணுயிரியல் மாணவி:
ஐயா, ஆசிரியர் கூறியது சரிதான். கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி கிருமிகள் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் ஐந்து கோடி. நார்வே ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் எண்ணி 1989இல் வெளியிட்ட பிறகுதான் இந்தப் பெருந்தொகை பரவலாகத் தெரியவந்தது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாக்களையும் நுண்பாசிகளையும் தொற்றுபவை, மனிதரைத் தொற்றுவதில்லை.

கடலின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நாள்தோறும் கிருமிகளால் மடிவதாக மதிப்பிடுகிறார்கள். செல் வெடிக்கும்போது அதனுள் இருந்த கரிமப்பொருளும் நைட்ரஜனும் பாஸ்பரசும் இரும்பும் நீரில் கலந்து பிற பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அவை வெளியிடும் சத்தைக்கொண்டு நுண்பாசிகள் மறுபடியும் வளர்கின்றன. சாவே அங்கு உரமாகிறது. நீலப்பச்சைப் பாசிகளைத் தொற்றும் சில கிருமிகள் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுவையே சுமந்து வந்து, தங்கள் பெருக்கம் முடியும்வரை அந்தச் செல்லை இயங்க வைப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கடல்சார் வாசகர்:
மேலுள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால், மீன்களுக்கு இழப்பே இல்லை என்று அதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. மீன்களுக்கு இரையாகும் விலங்கு மிதவைகள் (நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகள்) உண்டிருக்க வேண்டிய பொருளில் ஒரு பகுதி கரைந்து பாக்டீரியாக்களிடையே சுற்றிக்கொண்டிருப்பதால், அந்த அளவுக்கு மீன்களுக்குக் குறைவுதான்.

ஒவ்வொரு கிருமியும் குறிப்பிட்ட சில இனங்களை மட்டுமே தாக்கும் என்பதும், அடர்ந்து பெருகிய இனத்தையே அது எளிதில் எட்டும் என்பதும் இதைவிட முக்கியமானவை. வட அட்லாண்டிக்கில் வளரும் எமிலியானியா ஹக்ஸ்லியை என்ற ஒற்றைச் செல் பாசி, உடலெங்கும் வட்டமான சுண்ணாம்புத் தகடுகளைச் செதில்போலப் போர்த்தியிருக்கும். அது பெருகும்போது கடல் பால் கலந்த நீலமாகச் செயற்கைக்கோள் படங்களில் தெரியும். பின்னர் கிருமித்தொற்று பரவி, அப்பெருக்கம் பெரும்பாலும் சரிந்துவிடுகிறது. ஓங்கிய இனம் இப்படி ஒடுங்குவதால்தான் மற்ற இனங்களுக்கும் இடம் கிடைக்கிறது.

பாசிர் ரிஸ் தந்தை:
மிக்க நன்றி. 2015இல் ஜொகூர் நீரிணையில் மிதவை உயிரிகள் பெருகிப் பண்ணை மீன்கள் மடிந்தனவே, கிருமிகளைக்கொண்டு அதைத் தடுக்க இயலுமா?

கடல்சார் வாசகர்:
கடல்நீரைச் செந்நிறமாக்கும் பாசிகளைத் தொற்றும் கிருமிகளை ஜப்பானில் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால், ஒரே இனத்திலும் தொற்றுக்கு அசையாத வகைகள் இருப்பதால் தப்பியவை மீண்டும் பெருகக்கூடும். நீரிணையில் சத்து மிகுவதைக் குறைப்பதே முதல் வேலை என்பது என் கருத்து.

நுண்ணுயிரியல் மாணவி:
திட்டப்பணிக்கு ஒரு குறிப்பு: பள்ளி நுண்ணோக்கியில் இக்கிருமிகள் தெரியா, பல, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட இருப்பதில்லை. கண்ணாடிபோன்ற ஓடுடைய டயாட்டம் பாசிகளைத் தேடச் சொல்லுங்கள். நீர் பழையதாகிவிட்டால் அவை மடிந்துவிடும். எடுத்த அன்றே பார்ப்பது நல்லது.