ரேடார் திரையில் மழைக்குப் பின்னால் தெரியும் கறுப்பு: விமானிகளிடம் ஒரு கேள்வி

வணக்கம். விமானி அறையின் வானிலை ரேடார் திரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள, அனுபவமுள்ள விமானிகளின் உதவியை நாடுகிறேன்.

1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்த சதர்ன் ஏர்வேஸ் 242 விபத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். பெருமழையும் ஆலங்கட்டியும் உள்ளே புகுந்ததால் அந்த டிசி-9 விமானத்தின் இரண்டு என்ஜின்களும் செயலிழந்தன. இடிமழைப் பகுதியைக் கடக்கத் தம் ரேடாரையே கேப்டன் நம்பியிருந்ததும் ஒரு காரணம் என விசாரணை அறிக்கை கூறியது. சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடார் அலை முன்னால் உள்ள கனமழையிலேயே வலுவிழந்துவிடுவதால், அதற்கு அப்பால் இருக்கும் இன்னும் மோசமான மேகம் திரையில் வெறும் கறுப்பாக, வழி திறந்திருப்பதுபோலத் தெரியும் என்பது வரை எனக்கு விளங்குகிறது. அங்கே எதுவும் இல்லை என்பதற்கும், அலை அங்கே போய்ச் சேரவே இல்லை என்பதற்கும் ஒரே நிறம் என்பது மிகவும் கவலைக்குரியது.

ஆன்டெனாவைக் கீழே சாய்த்து, மழைக்குப் பின்னால் தரையின் எதிரொலி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். தெரியாவிட்டால் அது ரேடார் நிழல். ஆனால், தரையளவுக்கு எதிரொலி கிடைக்காத கடலின் மேல், இரவில் பறக்கும்போது இதை எப்படிக் கண்டறிகிறீர்கள்? உலர்ந்த பனித்துகள்கள் நிறைந்த மேக உச்சி திரையில் மங்கலாகவே தெரியும் என்பதால், சாய்வுக் கோணத்தை எப்படி அமைக்கிறீர்கள் என்பதையும் தயவுசெய்து விளக்குங்கள்.