தனியாட்டத்துக்கு 'ஏமாற்று' வேண்டாம், 'வழுவமைதி' இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு பெங்களூரு அல்சூரில் கூடியபோது, நாம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் கணினி விளையாட்டு மெனுக் கோப்பில் ஒரு வரியை முடிக்காமலே கலைந்துவிட்டோம். ஒருவர் மட்டும் ஆடும் ஆர்பிஜி ஆட்டத்தில், அதாவது ஒரு கதாபாத்திரமாகவே இருந்து கதையை ஆடும் ஆட்டத்தில், தன் கதாபாத்திரத்துக்கான விதியை ஆடுபவரே நெகிழ்த்திக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? 'ஏமாற்று' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி வீட்டில் பால்டர்ஸ் கேட் என்ற ஆர்பிஜி ஆட்டத்தை, அதாவது 1998இல் வந்த முதல் பாகத்தை, புதிதாகத் தொடங்கினேன். பாத்திரம் உருவாக்கும் திரையில், திறன்களுக்கு எண் தரும் பகடையை மறுபடி உருட்ட ஒரு பட்டன் உண்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆறு திறன்களின் கூட்டுத்தொகை 90ஐத் தாண்டட்டும் என்று நான் அழுத்திக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருந்த பையன், "அப்பா, நீங்க மோச பண்றீங்க" என்றான். ஒன்பது வயது, தெருவில் கன்னடப் பிள்ளைகளோடு விளையாடுகிறவன், அவனுக்குப் போங்கும் அழுகுணி ஆட்டமும் தெரியாது, ஏமாற்றுக்குக் கன்னடத்தில் சொல்லும் 'மோச'தான் தெரியும். யாரைடா ஏமாற்றினேன் என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவன் பக்கமும் ஏதோ நியாயம் இருக்கிறது என்று அப்போதே தோன்றியது. மூன்று பகடையை உருட்டிக் கூட்டினால் சராசரி பத்தரை, ஆறு திறனுக்கும் சேர்த்து 63. என் வீரனுக்கு வந்தது 92.

நம்மிடம் இருக்கிற சொற்களைப் பாருங்கள். கள்ளாட்டம், போங்கு, அழுகுணி ஆட்டம், ஈழத்தில் அளாப்புதல். நல்ல சொற்கள், உயிருள்ள சொற்கள். ஆனால் பாண்டி விளையாட்டில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவே இல்லை என்று சாதிக்க எதிரே ஒரு ஆள் வேண்டும். இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்குள்ளும் அந்த இரண்டாவது ஆள் நிற்கிறார். தனியாட்டத்தில் அவர் இல்லை.

'விதிமீறல்' என்றால் சிக்னலில் அபராதம் கட்டுவதுதான் ஞாபகம் வருகிறது. 'விதிவளைப்பு' என்பதில் பணம் கொடுத்துச் சட்டத்தை வளைக்கிற வாடை. 'தளர்வு' பரவாயில்லை, ஆனால் 2020இல் ஊரடங்குத் தளர்வு கேட்டுக் கேட்டு, தளர்வு என்றால் மேலே இருந்து யாரோ தருவது என்று மனதில் பதிந்துபோய்விட்டது. தம்பி ஒருவர் சொன்ன 'ஒப்புக்குச் சப்பாணி' கருத்தளவில் அருமை, சின்னப் பிள்ளையை விதி பார்க்காமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிற பழக்கம் அழகானது. ஆனாலும் கால் நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல்லை மென்பொருளில் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நெட்ஹேக். 1987இல் இருந்து இருக்கிற கணினி ஆட்டம், இந்த விஷயத்தை அதுதான் சரியாகப் பிடித்திருக்கிறது என்பேன். ஆடுபவர் தானாக எடுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளை அது கணக்கு வைக்கிறது: இறைச்சி தின்னவில்லை, எந்த உயிரையும் தன் கையால் கொல்லவில்லை, எதையும் படிக்கவில்லை, இப்படி. தமிழில் இதற்கு விரதம் என்ற ஒரே சொல் போதும். பசி தாங்காமல் இறைச்சியைத் தின்றுவிட்டால் ஆட்டம் உங்களைத் திருடன் என்று சொல்வதில்லை, விரதக் கணக்கு போய்விடும், அவ்வளவுதான். அதே ஆட்டத்தில் செத்தாலும் சாகாமல் தொடரச் சுற்றிப்பார்க்கும் முறை ஒன்றும் உண்டு, அதில் ஆடினால் மதிப்பெண் பட்டியலில் இடம் கிடையாது. ஆடு, ஆனால் மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளாதே என்று பிரித்துவைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிப்புக்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. வழாநிலை, வழு, வழுவமைதி. பிழையில்லாதது வழாநிலை, பிழை வழு, பிழையாக இருந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழு, ஆனால் உவப்பினால் சொன்னதால் அமைதி. நன்னூல் 379ஆம் நூற்பா உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று காரணங்களை அடுக்குகிறது. இவை எல்லாமே பேசுகிறவரின் மனதில் இருக்கிற காரணங்கள் என்பதைக் கவனியுங்கள், வெளியே இருந்து யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. தனியாட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன வேண்டும்?

என் பாத்திரம் எந்த வீட்டிலும் பொருள் எடுக்காது என்று நானே வைத்த விதி. துணைக்கு வந்தவள் சாகக் கிடக்கும்போது பூட்டிய வீட்டுக்குள் புகுந்து மருந்தை எடுத்தேன். அந்தப் பாத்திரமே அப்படித்தான் செய்திருக்கும். அது வழுவமைதி. 92 வரும்வரை பகடை உருட்டியதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை, பேராசைதான். அது வழு. பையன் சொன்னது பாதி சரி.

அப்புறம் ஒரு எல்லை. பால்டர்ஸ் கேட் 3இல் ஹானர் மோட் என்பது ஒரே சேவ் கோப்பில் ஆடுவது, தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. அந்தக் கோப்பை வெளியே நகலெடுத்து வைத்து, தோற்றபோதெல்லாம் திருப்பிப் போட்டு ஆடி முடித்து, குழுவில் படம் போட்டு மார்தட்டினால் அங்கே இரண்டாவது ஆள் வந்துவிட்டார். அது கள்ளாட்டம்தான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். அதே ஆட்டத்தில் 100 பொற்காசு கொடுத்துப் பாத்திரத்தின் திறன்களை மாற்றிக்கொள்ளலாம், அதை ஆட்டமே தருகிறது, அது வழாநிலை.

இலக்கணச் சொல்லை விளையாட்டுக்கு இழுக்கலாமா என்று ஐயா கேட்டிருந்தார். 'நேர்மை வழுவாதவர்' என்று இன்றும் பேசுகிறோமே ஐயா, வழு என்ற சொல் இலக்கணத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 'ஆட்டவமைதி' என்று சுருக்கிப் பார்த்தேன், ஆட்டத்தில் சத்தம் குறைவு என்பதுபோல ஒலிக்கிறது, விட்டுவிட்டேன்.

கோப்பில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: தனியாட்ட மெனுவில் 'வழுவமைதி: உண்டு / இல்லை', பலர் ஆடும் பகுதியில் 'கள்ளாட்டம் கண்டறியப்பட்டது'. வினையாக வரும் இடம் ஒன்று இருக்கிறது, 'வழுவமைத்து ஆடு' என்று எழுதினேன், காதுக்கு இன்னும் இடறுகிறது. அதற்கு மட்டும் நல்ல வடிவம் தோன்றினால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.