அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கான டேட்டிங் தளம்: எதில் சேர்வது, எதற்குப் பணம் கட்டுவது?

தென்றல்_ஜார்ஜியா கேட்டது:

அலுவலகத் தோழிக்காகக் கேட்கிறேன். கறுப்பினப் பெண், 36 வயது. இப்போது அட்லாண்டாவில் இருக்கிறார், இரண்டு மாதத்தில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்கு மாற்றல். கல்யாணம் வரை போகக்கூடிய உறவு வேண்டும், கறுப்பினத் துணைதான் விருப்பம். கறுப்பினத்தவருக்கென்றே இருக்கும் தளமா, ஹிஞ்ச், டிண்டர் மாதிரி பொதுவானதா? ஒரு தளத்தில் ஆறு மாதச் சந்தா தள்ளுபடியில் வருகிறதாம், கட்டலாமா? எனக்குத் தெரிந்ததெல்லாம் நம்ம மேட்ரிமோனி தளங்கள்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கணக்கப்பிள்ளை:

ஆறு மாதச் சந்தா வேண்டவே வேண்டாம், அதுவும் ஊர் மாறப் போகிறவருக்கு. அமெரிக்கக் கறுப்பின மக்களில் பாதிக்கு மேல் தெற்கு மாநிலங்களில் வாழ்கிறார்கள். அட்லாண்டாவில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஆள் இருக்கும். பாய்சியில் கறுப்பின மக்கள் கைவிரலில் எண்ணும் சதவீதம்தான். அங்கே தளத்தின் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதா முக்கியம்? உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதுதான்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. பணம் கட்டாமல் கணக்கு திறந்து, பாய்சியின் ஜிப் கோடு (அங்கத்திய பின்கோடு), 50 மைல் தூரம், வயது 32 முதல் 45 வரை என்று கொடுக்கச் சொல்லுங்கள். வருகிறவர்களில் கடந்த ஒரு வாரத்துக்குள் உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும். மொத்த உறுப்பினர் கணக்கை நம்பக் கூடாது. பழைய தளங்களில் என்றைக்கோ எழுதிப்போட்டுவிட்டு மறந்த பக்கங்கள் அப்படியே கிடக்கும். கடிதம் போட்டால் பதில் வராது, காரணம் புரியாமல் நாம் மனம் நொந்துகொள்வோம். என் கணக்குப்படி, நடமாட்டம் உள்ளவர்கள் முப்பது பேர் கூடத் தேறவில்லை என்றால் அங்கே ஒரு மாதச் சந்தாவும் தண்டம். நான்கு நாள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். அதே முகங்களே சுற்றிச் சுற்றி வந்தால் குளம் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

கறுப்பினத்தவருக்கென்றே இருப்பவற்றின் பெயர்களைப் பொறுத்தவரை: பிளாக்பீப்பிள்மீட் 2002ல் தொடங்கியது. சுயவிவரம் எழுதி, தேடி, கடிதம் அனுப்பும் பழைய பாணி. பிஎல்கே (BLK) 2017ல் வந்த செயலி, டிண்டர் மாதிரி விரலால் தள்ளுவது. இரண்டும் மேட்ச் குழுமத்தின் கையில். டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட், பிளென்டி ஆஃப் ஃபிஷ் எல்லாமும் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆகவே ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதைக் கடை மாற்றுவதாக நினைக்க வேண்டாம்.

பெயர் தெரியாத சிறு தளம் என்றால், பக்கத்தின் அடியில் இருக்கும் விதிமுறைகளைத் திறந்து எந்தக் கம்பெனி நடத்துகிறது என்று பாருங்கள். ஒரே தகவல் கிடங்கை வைத்துக்கொண்டு, கறுப்பினத்தவருக்கு ஒரு பலகை, விவசாயிக்கு ஒரு பலகை, ஐம்பது தாண்டியவருக்கு ஒரு பலகை என்று மாட்டி நடத்துகிறவர்கள் உண்டு. "உங்கள் சுயவிவரம் எங்கள் பிற தளங்களிலும் காட்டப்படலாம்" என்ற வரி கண்ணில் பட்டால் அந்த ரகம்தான்.

நிலா_மேரிலாந்து:

கணக்கப்பிள்ளை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். பொதுத் தளத்தில் கறுப்பினப் பெண்களுக்கு வரும் பதில் குறைவு என்பது வெறும் புலம்பல் இல்லை. ஓகேகியூபிட்டே 2009லும் 2014லும் தன் பயனர் தரவை வெளியிட்டு அதைக் காட்டியது. தனித் தளங்களுக்குத் தேவை வந்ததற்கு இது பெரிய காரணம். அதனால் ஹிஞ்ச்சில் கம்மியாக லைக் வந்தால் "என் படம் சரியில்லை" என்று அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதுக்காகப் பொதுத் தளத்தை விடவும் முடியாது, முக்கியமாகப் பாய்சியில். ஹிஞ்ச்சில் இனத்தை விருப்பமாகக் குறிக்கலாம், கட்டாய நிபந்தனையாகவும் ஆக்கலாம். (தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான கிரைண்டர் செயலி, இனத்தை வைத்துத் தேடும் வடிகட்டியையே (ஃபில்டர்) எடுத்துவிடுவதாக 2020 ஜூனில் அறிவித்தது. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. சிறுபான்மையினர் தங்களுக்குள் தேடிக்கொள்ளவும் அதே வடிகட்டிதானே பயன்பட்டது!) இனம், தூரம், வயது, பிள்ளைகள், மதம் என ஐந்தையும் கட்டாயமாக்கினால் சின்ன ஊரில் திரை காலியாகிவிடும். இனத்தையும் பிள்ளைகள் விஷயத்தையும் இறுக்கிப் பிடித்து, தூரத்தைத் தளர்த்துவது மேல். ஆனால் பாய்சியிலிருந்து சால்ட் லேக் சிட்டி ஐந்து மணி நேரக் கார் பயணம், தூரத்தைக் கூட்டும்போது அதையும் யோசிக்கணும்.

சும்மா_வந்தவன்:

கறுப்புதான் தகுதின்னா நாமளும் சேரலாம் போலிருக்கே 🙂

நிலா_மேரிலாந்து:

சேரக் கூடாதுன்னு தடை இல்லை தம்பி, மற்ற இனத்தவரும் அங்கே இருக்காங்க. ஆனா அங்கே "பிளாக்" என்பது தோல் நிறம் இல்லை, ஆப்பிரிக்க வம்சாவளி. நாம எவ்வளவு கறுப்பா இருந்தாலும் தெற்காசியர்தான், அதை முதல் வரியிலேயே சொல்லிடணும்.

நம்ம மேட்ரிமோனியில் நட்சத்திரம், கோத்திரம் பார்க்கிற மாதிரி அங்கேயும் குறிப்புச் சொற்கள் உண்டு. ஹாவர்ட், ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் என்று வந்தால் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரிகள். "டிவைன் நைன்" என்றால் ஒன்பது கறுப்பின மாணவர் சங்கங்கள். படிப்பு முடிந்தும் ஆயுசுக்கும் விடாத உறவு அது. அப்புறம் சர்ச், அதுவும் எந்தச் சபை என்பது. நைஜீரியா, ஹைட்டி, ஜமைக்காவில் இருந்து வந்த குடும்பங்களும் "பிளாக்" என்ற ஒரே கட்டத்துக்குள்தான் வருவார்கள். தோழிக்கு அந்த வித்தியாசம் முக்கியம் என்றால் சுயவிவரத்தில் வெளிப்படையாக எழுதிவிடட்டும், வடிகட்டி அதைச் செய்யாது.

ஒளிப்படக்காரர்:

படம் பற்றி யாரும் சொல்லவில்லை. வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுக்க வேண்டாம். சுவர் பளிச்சென்று இருப்பதால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், கறுத்த முகம் மையாகிவிடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, பின்னால் நடுத்தர நிறச் சுவர் வைத்து, திரையில் முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். பிறகு தேவையான அளவு கூட்டலாம். நிறத்தை வெளுப்பாக்கும் அழகு ஃபில்டர் கூடவே கூடாது. நேரில் பார்க்கும்போது வேறு ஆளாகத் தெரிவது ஒருபுறம், படத்தில் இருப்பவர் நீங்கள்தானா என்று தளம் செய்யும் செல்ஃபி சரிபார்ப்பில் முகம் ஒத்துப்போகாமல் நிற்பது இன்னொருபுறம். முகம் அறியும் மென்பொருள்கள் பலவும் கறுப்பின முகங்களில் அதிகம் தவறுகின்றன என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019லேயே அறிக்கை கொடுத்திருக்கிறது. சரிபார்ப்பு தோற்றால் பகல் வெளிச்சத்தில், தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் மறுபடி முயல வேண்டும். சரிபார்த்த முத்திரை கிடைக்கும் வரை சந்தா கட்ட அவசரம் இல்லை.

கணக்கப்பிள்ளை:

பணம் கட்டுகிற இடத்தில் இரண்டு எச்சரிக்கை.

"ஒருவர் உங்களைப் பார்த்தார், யாரென்று அறிய சந்தா கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். மோசடிக் கணக்கு என்று சந்தேகத்தில் குறித்து வைத்தவற்றிலிருந்து வந்த இத்தகைய தகவல்களைக் காட்டியே ஆள் சேர்த்தார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019ல் மேட்ச் குழுமத்தின் மீது வழக்குப் போட்டது. ரத்து செய்வதைச் சிக்கலாக்கினார்கள் என்பதும் அதே புகாரில் உண்டு. 2025ல் 14 மில்லியன் டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. ஆகவே அந்த மின்னஞ்சலைப் பார்த்து அட்டையை எடுக்க வேண்டாம்.

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ஐபோன் வழியாகக் கட்டியிருந்தால் அமைப்புகளில் மேலே இருக்கும் தன் பெயரைத் தொட்டு, சந்தாக்கள் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவே செய்துவிடட்டும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதி. தளத்தில் நேரடியாக அட்டை கொடுத்திருந்தால் அங்கேதான் போய் நிறுத்த வேண்டும், போன் அமைப்பில் அது தெரியவே தெரியாது. ஒரு மாதம் கட்டிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுவது என் பழக்கம். பெரும்பாலும் மாதம் முடியும் வரை வசதி இருக்கும்.

காதல் மோசடியில் 2022ல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் 130 கோடி டாலர் இழந்ததாக அதே ஆணையத்திடம் புகார்கள் பதிவாகியிருக்கின்றன. வெளிநாட்டில் பணியாற்றும் ராணுவ வீரர், கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர், இரண்டாம் நாளே வாட்ஸ்அப்புக்கு அழைப்பு, வீடியோவில் வர ஏதாவது சாக்கு, கடைசியில் கிஃப்ட் கார்டு அல்லது கிரிப்டோ. இந்த வரிசையில் இரண்டு பொருந்தினாலே பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் அனுப்பும் படம் வேறு யாருடையதோ என்று அறிய, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

தென்றல்_ஜார்ஜியா:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு பிஎல்கே ஒன்று, ஹிஞ்ச் ஒன்று, இரண்டும் இலவசம். பாய்சி ஜிப் கோடு போட்டு எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். அட்லாண்டாவில் இருந்துகொண்டே அந்த ஊரை வைத்துத் தேட முடியுமா?

கணக்கப்பிள்ளை:

பழைய பாணித் தளங்களில் ஜிப் கோடு மாற்றினால் போதும். ஹிஞ்ச்சில் இருப்பிடத்தை வரைபடத்தில் கையால் நகர்த்தலாம். ஆனால் அங்கே குடியேறும் தேதியைச் சுயவிவரத்தில் எழுதிவிடட்டும், இல்லையென்றால் இன்று மாலையே காபிக்குக் கூப்பிடுவார்கள்.