பொறுப்புகள் குறைந்த பின்பும் நாட்கள் ஏன் இவ்வளவு விரைவாகப் போகின்றன?

தக்கலை வாசகர் (கேள்வி):

அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து அறுபது வயதில் ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில், விடியும் முன்பே ரப்பர் தோட்டத்துக்குப் போய்ப் பால் வெட்டுபவரோடு இருந்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு நாகர்கோவில் பேருந்தைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பி, அதன் பின் பிள்ளைகளின் படிப்பையும் தாயாரின் வைத்தியத்தையும் கவனித்தேன். அப்போது ஒரு வாரம் என்பது நீளமாகத்தான் இருந்தது. இன்று தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். என்னிடம் கணக்குக் கேட்பவர் எவரும் இல்லை. ஆனாலும் வங்கிக்கு ஒருமுறை போய்வந்தால் அந்த முற்பகல் தீர்ந்துவிடுகிறது. ஓணத்துக்கு வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் தீரும் முன்பே சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. இது வயதினால் வருவதா, ஓய்வினால் வருவதா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மார்த்தாண்டம் வாசகர்:

கல்லூரியில் உளவியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வயதே காரணம் என்ற விளக்கம் பழையது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஓர் ஆண்டு என்பது அவன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, அறுபது வயதினருக்கு அறுபதில் ஒரு பங்கு, ஆகவே அது சுருங்கித் தெரிகிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பால் ஜானே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூறினார். கேட்பதற்கு அழகான கணக்குதான். ஆனால் அது சரியானால் இந்த வேகம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கூடியிருக்க வேண்டுமே தவிர, ஓய்வு பெற்றதும் சட்டென்று கூடியிருக்கக் கூடாது. மேலும், விட்மன், லேன்ஹோஃப் ஆகிய இருவர் 14 முதல் 94 வயது வரையிலான 499 பேரிடம் கேட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த வாரமோ மாதமோ எவ்வளவு விரைவாகச் சென்றது என்ற கேள்விக்கு இளையவரும் முதியவரும் ஏறத்தாழ ஒரே மாதிரி விடையளித்தார்கள். கடந்த பத்து ஆண்டுகளைப் பற்றிக் கேட்டபோதுதான் வயதின் தாக்கம் ஓரளவு தெரிந்தது.

ஜானேயின் கணக்கை எடுத்துக்காட்டிய அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், அது விளக்கமாகாது என்று 1890இலேயே கூறிவிட்டு, ஒரு பொழுது கடக்கும்போது தோன்றும் நீளமும் திரும்பிப் பார்க்கும்போது தோன்றும் நீளமும் வேறு வேறு என்பதைச் சுட்டினார். பலவிதமான நிகழ்ச்சிகள் நிறைந்த நாள் விரைவாகக் கடக்கும், பிறகு நினைத்தால் நீளமாகத் தெரியும். ஒன்றும் நிகழாத நாளுக்கு இதற்கு நேர்மாறு. அலுவலகமும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமுமாக அலைந்த உங்கள் வாரத்தில் நினைவு பிடித்துக்கொள்ளப் பல இடங்கள் இருந்தன. இன்றைய செவ்வாயை நேற்றைய திங்களிலிருந்து பிரித்துக்காட்ட எதுவும் இல்லை.

இதற்கு மிகக் கடுமையான சான்று மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் தம்மீதே நடத்திய சோதனை. 1962 ஜூலையில் அவர் கடிகாரமின்றி ஆல்ப்ஸ் மலைக்குகை ஒன்றில் இறங்கி, பசித்தபோது உண்டு, உறக்கம் வந்தபோது உறங்கித் தனியே வாழ்ந்தார். சோதனை முடிந்தது என்று செப்டம்பர் 14 அன்று மேலிருந்து சொன்னபோது, அவருடைய நாட்குறிப்பின்படி அன்று ஆகஸ்ட் 20தான். நொடிக்கு ஒன்றாக நூற்றிருபது வரை எண்ண முயன்றபோது அவருக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் ஆயின. ஒரு பொறுப்பும் இல்லாத மனிதர். 25 நாட்கள் அவருக்குத் தெரியாமலே கழிந்துவிட்டன.

குளச்சல் வாசகர்:

பேராசிரியர் ஐயா சொல்வது பாதி பொருந்துகிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக வேண்டியதில்லை, ஏலத்துக்கு ஓட வேண்டியதில்லை. வலையைச் சீர்செய்வதும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதும் மட்டும்தான். அந்த 61 நாட்கள் எனக்கு ஒருபோதும் விரைவாகப் போனதில்லை. வருமானம் நின்று, டீசல் கடன் அடைபடாமல் இருக்கும்போது, தடை எப்போது நீங்கும் என்று ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டுதான் இருப்போம். ஆகவே, வேலை குறைந்தாலே காலம் பறக்கும் என்று நான் ஒப்பமாட்டேன். தக்கலை ஐயாவுக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறது; எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பூதப்பாண்டி வாசகி:

பொறுப்பு குறைந்தது யாருக்கு என்று முதலில் கேட்க வேண்டும். என் கணவரும் ஓய்வு பெற்றவர்தான். அவர் அலுவலகம் போன காலத்தில் பத்து மணிக்குச் சமையலறை ஓய்ந்துவிடும். இப்போது பதினொரு மணிக்கு ஒரு தேநீர், நண்பர்கள் வந்தால் இன்னொன்று, மதியம் சூடான சோறு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் வயலைப் பார்த்துக்கொள்வது இன்றும் நான்தான். எந்த மாதத்தில் எது நடந்தது என்று எனக்கு ஒழுங்காக நினைவிருக்கிறது. நாட்கள் பறப்பதாக வருந்துகிறவர் அவர் ஒருவரே.

தக்கலை வாசகர்:

அம்மையாரின் மறுமொழியை என் மனைவி இரண்டு முறை வாசித்துவிட்டு, நீங்கள் இதற்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். எழுத ஒன்றும் இல்லை. குளச்சல் நண்பர் கூறிய காத்திருத்தல் என் மனத்தில் பட்டது; முன்பு ஞாயிறு எப்போது வரும் என்று பார்த்திருப்பேன், இப்போது அது வந்ததே தெரிவதில்லை. ஆனால் வங்கி வேலை முற்பகல் முழுவதையும் விழுங்குவது ஏன் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. அதே வேலையை முன்பு மதிய உணவு இடைவேளையில் முடித்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் வாசகர்:

அதற்கு விடை உளவியலில் இல்லை, நிர்வாகவியலில் இருக்கிறது. கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எழுதினார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு, உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்ப ஒரு பகல் முழுவதையும் செலவிடும் மூதாட்டி: அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக்கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம். குளச்சல் நண்பரின் மறுப்பை நான் ஏற்கிறேன்; கடனை எண்ணிக் காத்திருப்பவரின் கவனம் காலத்தின் மீதே இருப்பதால் நாள் நீளத்தான் செய்யும். உங்களுக்கு என் யோசனை: வங்கிக்குப் புறப்படும் நாளில் பன்னிரண்டு மணிக்கு வேறொருவரைச் சந்திப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டுப் புறப்படுங்கள், எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று இங்கே எழுதுங்கள்.