ஹைட்டர் செய்தது ஏமாற்று வேலைதானே? (ஃப்ரீரென்)

பாதிராத்திரி_சுண்டல் கேட்டது:

தங்கச்சியோடு உட்கார்ந்து ஃப்ரீரென் என்ற ஜப்பானிய அனிமே தொடரை மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன். எனக்கு இரண்டாவது தடவை, அவளுக்கு முதல் தடவை. முதல் இரண்டு எபிசோட் முடிந்ததும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், "அந்தச் சாமியார் சரியான கேடி" என்கிறாள்.

பார்க்காதவர்களுக்கு: ஃப்ரீரென் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்கிற எல்ஃப் மந்திரவாதி. வீரன் ஹிம்மல், சாமியார் ஹைட்டர், போர்வீரன் ஐசன் மூவரும் அவளோடு பத்து வருஷம் பயணம் போய் அசுர ராஜாவை வீழ்த்தியவர்கள். தங்கச்சியின் வாதம் இதுதான். ஹிம்மல் செத்து இருபது வருஷம் கழித்து ஃப்ரீரென் வந்து நிற்கிறாள். தான் வளர்க்கிற ஃபெர்ன் என்ற பிள்ளையைச் சிஷ்யையாக எடுத்துக்கொள் என்று ஹைட்டர் கேட்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள். உடனே ஒரு பழைய மந்திர ஏட்டை எடுத்து நீட்டுகிறார். இதில் சாகாவரம் இருக்கலாம், பிரித்துப் படித்துச் சொல்லு, நேரம் கிடைத்தால் பிள்ளைக்கும் நாலு பாடம் நடத்து என்கிறார். நாலு வருஷம் ஓடுகிறது. கடைசியில் ஏட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அது அவருக்கும் முன்பே தெரிந்த மாதிரிதான் சிரிக்கிறார்.

சரி, ஃப்ரீரெனை ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். ஃபெர்ன்? மலையோரத்தில் சாகப்போன அநாதைப் பிள்ளை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறையை உடைத்தால்தான் தேறினாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு, இவர் படுக்கையில் விழுகிறார். அவள் ராப்பகலாகக் காட்டில் நின்று அடிக்கிறாள். இவர் அவளுக்கு மந்திரம் ஒன்றும் கற்றுத் தரவில்லை, அது முழுக்க ஃப்ரீரென் வேலை. அப்புறம் எப்படி எல்லோரும் ஹைட்டரைக் குரு, குரு என்கிறீர்கள்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (தங்கச்சியும் இதைப் படிப்பாள். மேற்கொண்டு கதையை உடைக்காதீர்கள்.)

ஐசன்_ரசிகன்:

ஃப்ரீரென் ஏன் மறுத்தாள் என்பதை உங்கள் தங்கச்சி கவனித்தாளா? பழக்கமில்லாத பிள்ளையைப் பயணத்தில் கூட்டிப் போனால் அது செத்துப்போகும், நண்பன் ஒப்படைத்த பிள்ளையை அப்படிச் சாகவிட மாட்டேன் என்றாள். நியாயமான காரணம். அதனால் ஹைட்டர் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. அந்தக் காரணமே இல்லாமல் போகிற வரைக்கும் அவளை வீட்டில் உட்கார வைத்தார். பத்து வருஷப் பயணத்தையே தன் ஆயுளில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று சொன்னவளுக்கு நாலு வருஷம் எந்த மூலைக்கு?

என் கணக்கில் அவருக்கு இரண்டு மாணவிகள். ஹிம்மலைப் புதைத்த அன்று, இவனைப் பற்றித் தெரிந்துகொள்ளவே முயலவில்லையே என்று ஃப்ரீரென் அழுதபோது அவள் தலையில் கை வைத்தவர் இந்த ஆள்தான். மனுஷர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் பயணம் போகிறேன் என்று அவள் கிளம்பினாள். பாடம் வேண்டும் என்றவளின் பக்கத்தில் ஒரு சிறு பிள்ளையை உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஜப்பானில் 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நாலு எபிசோடையும் ஒரே மூச்சில், தொலைக்காட்சியில் வெள்ளி இரவு சினிமா போடுகிற இரண்டு மணி நேரத்தில் ஒளிபரப்பினார்கள். நீங்கள் பாதியில் தீர்ப்பு எழுதுகிறீர்கள். நாலாவதுக்கு வாருங்கள், அந்தக் கிழவருக்குக் கூட்டாளியும் உண்டு என்று தெரியும்.

கஞ்சிக்கலயம்:

எனக்கு அவரிடம் ஒரு குறை உண்டு, ஆனால் அது நீங்கள் சொன்னது அல்ல. "ஏமாற்றிவிட்டாயே ஹைட்டர்" என்று ஃப்ரீரென் சொன்னதும் சிரிக்கிறாரே, அதற்கு அடுத்த பேச்சைப் பாருங்கள். ஃபெர்ன் இன்னொரு சாவைப் பார்க்கவேண்டாம், சீக்கிரம் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்கிறார். அங்கேதான் மனுஷன் சறுக்கினார். அவள் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள், ஒழுங்காக விடைபெற விடு, அதற்குள் நினைவுகளைச் சேர்த்து வை என்று பதில் சொன்னது யார்? மனுஷர்களைப் புரியாது என்று பெயர் எடுத்த ஃப்ரீரென்!

பாறை விஷயத்தில் உங்கள் கட்சி தோற்றுவிட்டது. அவர் படுத்த பிறகு அதை விரட்டியது ஃபெர்னேதான். தன்னைக் காப்பாற்றியது சரிதான் என்று அவர் நினைக்க வேண்டும், அதற்குள் நேரம் போய்விடக் கூடாது என்கிறாள். வசனம் அவள் வாயிலேயே இருக்கிறது.

குடியை விட்டவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் மொடாக்குடி, பிள்ளை வீட்டுக்கு வந்தபின் பாட்டிலைத் தொடவில்லை. இப்போது நல்லவன் வேஷம் போட்டால் தெய்வம் மன்னிக்காது என்று ஃப்ரீரென் சீண்டுவாள்.

மந்திரக்கோல்_77:

இருபத்தேழாவது எபிசோட் வரை தங்கச்சியைத் தாக்குப்பிடிக்கச் சொல்லுங்கள். வேறொன்றும் சொல்ல மாட்டேன். என் பெயரைப் பாருங்கள்.

பாதிராத்திரி_சுண்டல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இனிமேல் படிப்பவர்கள் இருபத்தேழைப் பார்த்துவிட்டுப் படிக்கவும்.

நாலாவதில் ஹைட்டரும் ஐசனும் கடிதம் போட்டுப் பேசிவைத்து, ஃப்ரீரென் ஹிம்மலோடு ஒரு தடவையாவது பேசட்டும் என்று, செத்தவர்களோடு பேசியதைப் பற்றி அவளுடைய குரு ஃப்ளாமே எழுதிவைத்த ஏட்டைத் தேடியது தெரிந்ததும், "ரெண்டு கேடிகள்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நேற்று இருபத்தேழு. மந்திரவாதிகளுக்கான தேர்வில் ஃபெர்னின் மந்திரக்கோல் சுக்குநூறாகியிருக்கிறது. புதிது வாங்கிக்கொள் என்று ஃப்ரீரென் சொல்ல, ஃபெர்ன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். சின்ன வயதில் ஹைட்டர் கொடுத்த கோல் அது. அந்த உடைந்த துண்டுகளை ஃப்ரீரென், கோல் பழுதுபார்க்கிற ரிஷ்டரின் கடையில் கொண்டுபோய்க் கொட்டினால், இது குப்பை என்கிறான்.

தங்கச்சி பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். டிவியைப் பார்த்துச் சொன்னாள்: "குப்பையா? அது எங்க கேடி கொடுத்ததுடா."